வலிக்குதுன்னு சொன்னா...

சாத்தூர் காராச்சேவைத் தட்டு நிறையக் கொட்டி வைத்தும், 'எனக்கு வேண்டாம் மாமா' என்று ஒரு பத்தொன்பது வயதுப் பையன் சொன்னால் என்ன அர்த்தம்? ஒன்று வயிற்று வலி. இல்லையென்றால் காதல். நான் இரண்டாவதைத்தான் சந்தேகப்பட்டேன்.

இரண்டுமே இல்லை. தாடை!

வெம்பக்கோட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது. ஊரைத் தெரியாதவர்களுக்காக: விருதுநகர் மாவட்டம். சிவகாசிக்குப் பக்கத்தில், வைப்பாற்றங்கரையில், கரிசல் மண்ணுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற ஊர். ஓர் அணை உண்டு. சுற்றிலும் பட்டாசு ஆலைகள். 2022 முதல் பக்கத்திலேயே விஜயகரிசல்குளம் மேட்டில் தொல்லியல் துறை தோண்டியபோது சங்கு வளையல்களோடு சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்தன. அதாவது, இந்த மண்ணில் விளையாட்டுப் பைத்தியம் என்பது நேற்று வந்த வியாதி இல்லை.

என் மருமகனுக்கு டேக்வாண்டோ பைத்தியம். காலால் எதிராளியின் தலையில் உதைத்தால் கூடுதல் பாயின்ட் தருகிற விளையாட்டு. உங்களுக்கும் எனக்கும் அது அடிதடி. 2000-ம் வருட சிட்னி ஒலிம்பிக்கிலிருந்து பதக்க விளையாட்டு. தலைக்கு ஒரு பஞ்சு ஹெல்மெட், அதைத் தாடைக்குக் கீழே இழுத்துக் கட்ட ஒரு பட்டை, பல்லுக்கு ஒரு ரப்பர் கவசம் என்று சகல பந்தோபஸ்துடன்தான் ஆடுகிறார்கள். ஆனாலும் நாலைந்து மாதமாகப் பையனுக்கு வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் 'டொக்' என்று ஒரு சத்தம். காலையில் எழுந்தால் தாடை கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. ஹெல்மெட் பட்டையைக் கட்டினால் வலி காது வரை ஏறுகிறது.

'கோச்கிட்ட சொன்னியாடா?'

'சொன்னா டீம்லேர்ந்து தூக்கிடுவாங்க மாமா. அதுவுமில்லாம, கும்ப்ளே தாடை உடைஞ்சே பந்து போட்டாராம்ல? கோச் அடிக்கடி சொல்வாரு.'

கும்ப்ளே! நானும் என் பங்குக்கு அந்தக் கதையைப் பத்து இடத்தில் சொல்லிப் புல்லரித்தவன்தான். அன்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கதையை நாம் எல்லோருமே பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

முழுசாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

2002, மே மாதம். மேற்கிந்தியத் தீவுகளில் ஆன்டிகுவா. நாலாவது டெஸ்ட். இந்தியா பேட்டிங். மெர்வின் டில்லன் வீசிய பந்து எகிறி வந்து அனில் கும்ப்ளேயின் தாடையில் மோதியது. வாயில் ரத்தம். மனிதர் துப்பிவிட்டுத் தொடர்ந்து பேட்டிங் செய்தார். பிறகு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், தாடை எலும்பு முறிவு. ஆபரேஷன் அவசியம், ஊருக்குக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பெங்களூருவில் ஆபரேஷனுக்கு ஏற்பாடானது.

அதற்குள் மேற்கிந்தியத் தீவுகள் பேட் செய்ய வந்தாயிற்று. பெவிலியனில் சும்மா உட்கார்ந்திருக்க கும்ப்ளேக்கு முடியவில்லை. உச்சந்தலையிலிருந்து தாடை வரை வெள்ளைத் துணியைச் சுற்றி, தாடை அசையாதபடி கட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். பல் வலிக்காரர்கள் கன்னத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி ஒரு கோலம். சிரிக்க வேண்டிய கோலம். யாரும் சிரிக்கவில்லை. தொடர்ச்சியாகப் பதினாலு ஓவர்! பிரையன் லாராவை வெறும் 4 ரன்னில் எல்.பி.டபிள்யூ. ஆக்கினார். இந்திய அணியின் பதினோரு பேரும், விக்கெட் கீப்பர் உட்பட, பந்து வீசிய விசித்திரமான மேட்ச் அது. டிராவில் முடிந்தது. பதினோரு பேரில் நாம் இன்று நினைவில் வைத்திருப்பது ஒரே ஒருவரின் பந்துவீச்சைத்தான்.

இங்கேதான் எல்லோரும் கதையை நிறுத்துவோம். கைதட்டல், சுபம்.

அடுத்த ரீல் என்ன? கும்ப்ளே விமானம் ஏறினார். ஆபரேஷன் செய்துகொண்டார். தொடர் அப்போது 1-1 என்ற சமநிலையில் இருந்தது. ஜமைக்காவில் கடைசி டெஸ்ட், ஜெயித்தால் தொடர் நமக்கு. அதில் கும்ப்ளே ஆடவில்லை! இந்தியா 155 ரன் வித்தியாசத்தில் தோற்றது, தொடரும் போனது. 'அவர் இருந்திருந்தால்...' என்று புலம்பியவர்கள் உண்டு. ஆனால் தாடை குணமான கும்ப்ளே அதற்குப் பிறகு ஆறு வருடம் டெஸ்ட் ஆடினார். 2008-ல் ஓய்வு பெறும்போது அவர் கணக்கில் 619 விக்கெட். நான் காமர்ஸ் படித்தவன், எனக்கு எல்லாமே வரவு செலவுதான். ஒரு டெஸ்டைச் செலவு எழுதி ஆறு வருடத்தை வரவு வைத்த மனிதர் அவர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்கியபோது எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது. என்ன உடைந்திருக்கிறது என்று டாக்டருக்குத் தெரியும், கேப்டனுக்குத் தெரியும், டி.வி. பார்த்த உலகத்துக்கே தெரியும். வலியை மறைத்துவிட்டு அவர் ஆடவில்லை. தலையைச் சுற்றி வெள்ளைக் கொடி மாதிரி கட்டிக்கொண்டுதான் ஆடினார்.

இவருக்கு ஓர் அண்ணன் இருக்கிறார், ஆஸ்திரேலியாவில். 1977, மெல்போர்ன், நூற்றாண்டு டெஸ்ட். பாப் வில்லிஸின் பவுன்சரில் ரிக் மெக்காஸ்கரின் தாடை உடைந்தது. ஹெல்மெட் புழக்கத்துக்கு வராத காலம். கம்பி போட்டு இறுக்கிய தாடையோடு, முகத்தைச் சுற்றிய கட்டோடு, தொடக்க ஆட்டக்காரரான அவர் இரண்டாவது இன்னிங்ஸில் பத்தாவது ஆளாக வந்து 25 ரன் எடுத்தார். லில்லியோடு சேர்ந்து 54 ரன். ஆஸ்திரேலியா ஜெயித்தது எத்தனை ரன்னில் தெரியுமா? 45! கழித்துப் பாருங்கள்.

நம்ம ஊர்த் தம்பி ஒருவரும் உண்டு. 2023 டிசம்பர், ராஜ்கோட், விஜய் ஹசாரே கோப்பை அரையிறுதி. ஹரியானா 293 ரன் அடித்துவிட்டது. இடைவேளையில் தமிழ்நாட்டு வீரர் பாபா இந்திரஜித் குளியலறையில் வழுக்கி விழுந்து, உதடு உள்ளும் புறமும் கிழிந்தது. வாயைச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்து 64 ரன் எடுத்தார். தமிழ்நாடு தோற்றுவிட்டது. மேட்ச் முடிந்ததும் அவர் போனது ஆஸ்பத்திரிக்கு, தையல் போட.

இந்த மூன்று பேர் விஷயத்திலும் ஒரு சௌகரியம். காயம் கண்ணுக்குத் தெரிகிறது. ரத்தம் வருகிறது, கட்டுப் போடலாம், போட்டோ பிடிக்கலாம். என் மருமகனுக்கு வந்திருப்பது அப்படியில்லை. அவனுக்கு எலும்பு உடையவில்லை. மூட்டு வலிக்கிறது. மூட்டு வலி போட்டோவில் விழாது.

தாடை மூட்டு எங்கே இருக்கிறது? ஆள்காட்டி விரலைக் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து, வாயைத் திறந்து மூடுங்கள். (பஸ்ஸில் படித்துக்கொண்டிருந்தால் வீட்டுக்குப் போய்ச் செய்யவும்.) விரலுக்கடியில் ஒன்று நழுவுகிறதல்லவா, அதுதான். கதவுக் கீல் மாதிரி சுழலவும் செய்யும், மேஜை டிராயர் மாதிரி முன்னால் வழுக்கவும் செய்யும். இரண்டும் தெரிந்த மூட்டு. இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு சின்னத் தகடு. அது இடம் மாறி, வாய் திறக்கும்போது மறுபடி சரியான இடத்தில் போய் உட்காருகிற சத்தம்தான் பெரும்பாலும் அந்த 'டொக்'. சத்தம் மட்டும் என்றால் பயமில்லை, எத்தனையோ பேருக்கு இருக்கிறது. சத்தத்தோடு வலி வந்தால், வாய் பாதியில் சிக்கிக்கொண்டால், மூன்று விரல் செங்குத்தாக நுழையும் அளவுக்குத் திறக்காவிட்டால், டாக்டரிடம் போக வேண்டும்.

ஹெல்மெட் என்ன செய்கிறது? மண்டையைக் காப்பாற்றுகிறது. அதற்காகத்தான் அது பிறந்தது. 1962-ல் பார்படாஸில் நாரி கான்ட்ராக்டரின் மண்டை உடைந்து உயிர் ஊசலாடியதை நினைத்தால், ஹெல்மெட்டைக் கும்பிடத்தான் வேண்டும். ஆனால் தாடை அந்த வீட்டில் திண்ணையில் படுத்திருக்கிற ஆள் மாதிரி. அமெரிக்கக் கால்பந்தைப் பாருங்கள். மாடு முட்டுவதுபோல முட்டிக்கொள்கிற ஆட்டம். அங்கே 1943-ல் ஹெல்மெட் கட்டாயமாயிற்று. முகமோ திறந்தே கிடந்தது. பத்து வருடம் கழித்து, 1953-ல் ஓட்டோ கிரஹாம் என்ற நட்சத்திர ஆட்டக்காரரின் வாயில் ஒரு முழங்கை இறங்கி, பதினைந்து தையல் போட்ட பிறகுதான் அவருடைய கோச் ஹெல்மெட்டுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தடுப்பை மாட்டினார். மண்டைக்கு அப்புறம்தான் தாடை ஞாபகம் வரும் எவருக்கும்.

டேக்வாண்டோ ஹெல்மெட்டிலும் முகம் திறந்துதான் இருக்கிறது. போதாததற்கு அந்தப் பட்டை. அதை அளவுக்கு மீறி இறுக்கினால் தாடை பின்னோக்கி, மேல்நோக்கி, மூட்டுக் குழிக்குள் அழுந்துகிறது. பல் கவசம் மலிவு சரக்காக இருந்து ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தால், கடி சமமாக இல்லாமல் தசைகள் நாள் முழுக்க மல்லுக்கட்டுகின்றன. ஆட்ட டென்ஷனில் பல்லைக் கடிப்பது வேறு. ஒரே ஓர் உதையில்தான் மூட்டு கெடும் என்பதில்லை. நாலு மாதம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகவும் அதைக் கெடுக்கலாம்.

சரி, வலியை ஏன் மறைக்கிறான்? சொன்னால் இடம் போய்விடும். தாடை வலியைச் சொன்னால் பிழைப்பு போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்த வேறு சிலரின் கதை தீப்பெட்டித் தொழில் நடக்கிற எந்த ஊர்க்காரனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நம்மில் பலருக்குத் தெரியாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சி மருந்தில் வெள்ளைப் பாஸ்பரஸ் சேர்த்தார்கள். எங்கே உரசினாலும் பற்றும், விலையும் குறைவு. அந்த ஆவியைத் தினமும் சுவாசித்த தொழிலாளிகளுக்கு முதலில் பல் வலி வரும். பிறகு ஈறு வீங்கும். பிறகு தாடை எலும்பே செத்து, அழுகி, சீழ் கட்டி நாறும். பக்கத்தில் யாரும் உட்கார முடியாது. எலும்பை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. 1845-லேயே வியன்னாவில் லோரின்சர் என்ற டாக்டர் இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார். எழுதி என்ன பிரயோஜனம்? அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது வியாபாரம்.

லண்டனில் பிரையன்ட் அண்ட் மே என்ற பிரம்மாண்டமான தீப்பெட்டிக் கம்பெனி. பல் வலி என்று ஒரு பெண் சொன்னால், 'பல்லைப் பிடுங்கிக்கொள், இல்லையென்றால் வேலையை விடு' என்பதுதான் அங்கே வைத்தியம். அப்புறம் யார் சொல்வார்கள்? கன்னத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு வேலைக்கு வருவார்கள். சாப்பாடும் அந்த மருந்து நெடிக்கு நடுவிலேயே. 1888-ல் ஒரு பெண் பத்திரிகையாளர் இவர்களைச் சந்தித்துப் பேசி, 'லண்டனில் வெள்ளை அடிமைத்தனம்' என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். கம்பெனி கொதித்தது. சொன்னதெல்லாம் பொய் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பெண்கள் மறுத்தார்கள். அந்த ஜூலையில் சுமார் 1,400 பெண்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். பலர் பதினைந்து, பதினாறு வயதுச் சிறுமிகள். சில வாரங்களிலேயே கம்பெனி இறங்கி வந்தது. அபராதங்கள் ரத்து. சாப்பிடத் தனி அறை.

அந்தப் பத்திரிகையாளர் யார் என்கிறீர்களா? சென்னையில் பெசன்ட் நகர் பஸ்ஸில் போயிருக்கிறீர்கள் அல்லவா, அந்தப் பெசன்ட்தான். அன்னி பெசன்ட்! அடையாறுக்கு வந்து நம்மவராவதற்கு முன்னால் அந்த அம்மாள் செய்த காரியம் இது. (அவர்தான் ஸ்ட்ரைக்கைத் தூண்டினார் என்று வெகுகாலம் எழுதினார்கள். இல்லை, அந்தப் பெண்களே தீர்மானித்து வெளியேறியதுதான் என்று பிற்கால ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதுதான் நம்பும்படி இருக்கிறது. வலி யாருடையதோ அவர்களுக்குத்தான் ரோஷமும் வரும்.)

ஸ்ட்ரைக் ஜெயித்தும் பாஸ்பரஸ் போகவில்லை என்பதுதான் கொடுமை. 1898-ல் அதே கம்பெனி பதினேழு தாடை நோயாளிகளைக் கணக்கில் காட்டாமல் மறைத்தது அம்பலமானது. அதில் ஆறு பேர் செத்தே போயிருந்தார்கள். கோர்ட் போட்ட அபராதம்? 25 பவுண்டு, 9 ஷில்லிங்! காமர்ஸ் மாணவனாகக் கேட்கிறேன், தலைக்கு எவ்வளவு ஆயிற்று?

1906-ல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிக்குத் தடை என்று ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் 1913-ல் சட்டம் வந்தது. செய்யக் கூடாது, விற்கக் கூடாது, இறக்குமதி கூடாது. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் கற்றுக்கொள்ள கல்கத்தாவுக்கு ரயில் ஏறியது 1922-ல். சிவகாசியில் தீப்பெட்டி உற்பத்தி தொடங்கியது 1923-ல். பத்தே பத்து வருட இடைவெளியில் எங்கள் சீமை அந்த நோயிலிருந்து தப்பித்தது! எங்கோ லண்டனில் சில பெண்களுக்குத் தாடை போனது, நம் வீட்டுப் பெண்களின் தாடை பிழைத்தது. சிவகாசி தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். தாடையைத் தின்னாத ஜாதி.

தப்பித்தது தாடை மட்டும்தான். மற்றபடி இந்தப் பக்கத்தில் விபத்துக்கு என்ன குறைச்சல்? 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள். 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டியில் பத்துப் பேர். அந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே அக்கா வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

இந்த லண்டன் கதையை மருமகனிடம் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, அக்கா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

'எனக்குக்கூட இந்தத் தோள்பட்டை அஞ்சு வருஷமா வலிதான்.'

அஞ்சு வருஷம்! பட்டாசு ஆலையில் காகிதக் குழாய் சுற்றுகிற கை அது. என்னிடம் சொல்லவில்லை. மாமாவிடம்? ம்ஹும்.

'சொன்னா, முடியலைன்னா வீட்ல இருன்னுவாங்க. எண்ணிக்கைக்குத்தான கூலி' என்றாள், எங்கள் இருவருக்கும் சேர்த்து.

பையன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வித்தையை அவன் எங்கே கற்றான் என்பது எனக்கு அப்போது விளங்கியது. கோச்சைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

மறுநாள் அவனைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஊசி, கத்தி எதுவும் இல்லை. ஆறு வாரம் உதை வாங்கக் கூடாது, ஓட்டமும் மற்ற பயிற்சியும் செய்துகொள்ளலாம். மெதுவான சாப்பாடு, சூயிங்கம் கூடவே கூடாது, கொட்டாவி வந்தால் தாடைக்குக் கீழே முட்டுக்கொடுக்க வேண்டும், தினம் வெந்நீர் ஒத்தடம். சும்மா இருக்கும்போது உதடு சேர்ந்திருக்கலாம், மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடக் கூடாது. இது சுலபம் போலத் தோன்றும், முயற்சி பண்ணிப் பாருங்கள், நாம் எத்தனை நேரம் காரணமே இல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரியும்! பழைய பல் கவசத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, பல்லை அச்செடுத்துப் புதிதாக ஒன்று செய்து தந்தார். ஹெல்மெட்டை மாட்டிக் காட்டச் சொன்னார். ஒரு அளவு சின்னது! அது நழுவாமல் இருக்கத்தான் இவன் பட்டையை அத்தனை இறுக்கியிருக்கிறான். அதற்காகப் பட்டையைத் தளர்த்திவிட்டு ஆடலாம் என்று நினைக்காதே, ஹெல்மெட் பறந்துவிடும், சரியான அளவை வாங்கு என்று எச்சரித்தும் அனுப்பினார்.

அக்காவின் தோள்பட்டைக்கு? 'தீபாவளி சீசன் முடியட்டும்' என்றிருக்கிறாள். இந்தப் பத்தியை அவளுக்கு நானே படித்துக் காட்டுவதாக இருக்கிறேன்.

போன வாரம் பையன் போன் செய்தான். கோச்சிடம் சொல்லிவிட்டானாம். திட்டினாராம், முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று. இரண்டு போட்டி போய்விட்டது, அந்த இடத்தில் வேறொரு பையன் ஆடி, ஒன்றில் ஜெயித்தும்விட்டான். அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

'டொக் சத்தம்?'

'இருக்கு மாமா. வலி பாதி குறைஞ்சிருக்கு.' கொஞ்சம் விட்டு, 'அடுத்த தடவை வர்றப்ப ஸ்ரீவில்லிபுத்தூர்ல இறங்கி பால்கோவா வாங்கிட்டு வாங்க. இப்போதைக்கு அதைத்தான் தாடை ஏத்துக்குது' என்றான்.